உப்பங்கழியில் மீன் கணக்கெடுப்பு: ஒரே இடத்தில் 412, ஒன்பது நாள் கழித்து 37. எந்த எண்ணை நம்புவது?

கேள்வி (பதிவர்: கழிமுகம்)

அனைவருக்கும் வணக்கம். பாதுகாக்கப்பட்ட ஓர் உப்பங்கழியிலும், அது சென்று சேரும் ஆழமற்ற விரிகுடாவிலும் மீன்களைக் கணக்கெடுக்கும் பணியை எங்கள் ஐவர் குழு இந்தப் பருவத்தில்தான் தொடங்கியிருக்கிறது. கழியின் ஓரங்களில் அலையாத்தி மரங்கள் நிற்கின்றன. அவற்றுக்கிடையே கிளைக் கால்வாய்கள் ஓடுகின்றன. விரிகுடாப் பக்கம் கடற்புல் படுகை விரிந்து கிடக்கிறது. பாதுகாப்பு அறிவிக்கப்பட்ட பிறகு மீன் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்ற கேள்விக்கு மூன்று ஆண்டு முடிவில் நாங்கள் எழுத்தில் விடை தர வேண்டும். எங்களுக்குக் கிடைத்துள்ள அனுமதியில் இரண்டு நிபந்தனைகள் உள்ளன. பிடிபடும் மீனை இயன்றவரை உயிருடன் நீரில் விட வேண்டும். எந்த வலையையும் ஆளில்லாமல் விட்டுச் செல்லக் கூடாது.

வெள்ளோட்டமாக, 30 மீட்டர் நீளமும் 6 மில்லிமீட்டர் கண்ணும் கொண்ட ஒரு சிறு கரைவலையை ஒரே கால்வாயின் வாயில் இரண்டு நாள் இழுத்துப் பார்த்தோம். பௌர்ணமிக்கு மறுநாள் காலை எட்டு மணிக்கு இழுத்தபோது, 19 இனங்களைச் சேர்ந்த 412 மீன்கள் வலையின் மடியில் இருந்தன. அவற்றில் பாதிக்கு மேல் விரல் நீள மடவைக் குஞ்சுகள். சரியாக ஒன்பது நாள் கழித்து, அதே எட்டு மணிக்கு, அதே ஆட்கள் அதே வலையை இழுத்தபோது 6 இனங்களில் 37 மீன்களே கிடைத்தன. முதல் நாள் தொடையளவு இருந்த நீர், இரண்டாம் முறை முழங்காலுக்குச் சற்றுக் கீழே இருந்தது. நீரின் கலங்கல் இரு நாளும் ஒன்றுபோலவே தெரிந்தது. வேறு மாற்றம் எதையும் நாங்கள் கவனிக்கவில்லை.

இந்த இரண்டில் எது அந்தக் கால்வாயின் உண்மையான நிலை? கரைவலை போதுமா, செவுள் வலையும் வேண்டுமா? நீரை மட்டும் எடுத்து டி.என்.ஏ. ஆய்வு செய்தால் வலையே தேவையில்லை என்று சிலர் சொல்கிறார்கள். அது எவ்வளவு தூரம் சரி? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


மறுமொழி (பதிவர்: நீரோட்டம்)

நண்பருக்கு வணக்கம். இரண்டு எண்களுமே உண்மைதான். ஆனால் அவை அந்தக் கால்வாயில் எத்தனை மீன் வாழ்கிறது என்பதைச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் எத்தனை மீன் உங்கள் வலைக்கு முன்னால் வந்தது என்பதையே சொல்கின்றன. நீங்கள் கடிகாரத்தை ஒன்றாக வைத்துக்கொண்டீர்கள். மீனோ ஓதத்தின்படி, அதாவது கடல்நீர் ஏறி வற்றும் ஒழுங்கின்படி, நடக்கிறது.

உங்கள் கரையில் நாளுக்கு இரண்டு ஏற்றமும் இரண்டு வற்றமும் இருப்பதாக வைத்துக்கொண்டால், ஒவ்வொரு நாளும் ஏற்றம் சுமார் 50 நிமிடம் பிந்தி வரும். ஒன்பது நாளில் அது ஏறத்தாழ ஏழரை மணி நேரம் தள்ளிப்போயிருக்கும். முதல் நாள் எட்டு மணிக்கு நீர் பாதி வற்றிய நிலையில் வெளியே இழுத்துக்கொண்டிருந்தது என்றால், ஒன்பதாம் நாள் அதே எட்டு மணிக்கு வற்றம் முடிந்து நீர் மெல்ல உள்ளே ஏறத் தொடங்கியிருக்கும். அதோடு, பௌர்ணமியை ஒட்டி வரும் பெரிய ஏற்றம் அலையாத்தி வேர்களுக்குள் வெகு தூரம் நீரைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. இரை தேடிக் குஞ்சுகளும் அதனுடன் உள்ளே போகின்றன. அட்டமி, நவமியை ஒட்டிய நாள்களிலும் அதற்கடுத்த ஓரிரு நாளிலும் ஏற்றம் சிறிதாக இருப்பதால் பல வேர்ப்பகுதிகள் நனைவதே இல்லை. ஆக, நீங்கள் ஒப்பிட்டது இரண்டு வெவ்வேறு நீர்நிலைகளை.

வற்றத்தின்போது ஒரு கால்வாய் வாயில் இரவு முழுவதும் நின்று பார்த்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். நீர் இறங்கத் தொடங்கிய முதல் ஒரு மணி நேரம் ஏறத்தாழ எதுவும் வெளியே வருவதில்லை. வேர்களுக்கிடையே ஒரு சாண் நீர் மட்டும் மிஞ்சும் கட்டத்தில்தான் குஞ்சுகள் கூட்டம் கூட்டமாக நடுநீருக்கு வருகின்றன. அவை வந்து சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே, ஆழமான மடுவில், நீரோட்டத்தை எதிர்த்துத் தலை வைத்தபடி கொடுவாய் ஒன்று அசையாமல் நிற்பதைக் கைவிளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். அந்த அரை மணி நேரத்தில் வலை போட்டிருந்தால் அது வளமான கால்வாய். அதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் போட்டிருந்தால் அது வெறுங்கால்வாய்.

ஆகவே ஒவ்வொரு இழுப்பையும் ஓதத்தின் ஒரே கட்டத்தில், எடுத்துக்காட்டாக உச்ச ஏற்றத்துக்கு மூன்று மணி நேரத்துக்குப் பின், பௌர்ணமி அல்லது அமாவாசையிலிருந்து இத்தனை நாளுக்குள் என்று வரையறுத்துக்கொள்ளுங்கள். பகலா இரவா என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள். கெளிறு போன்ற பல இனங்கள் இரவில்தான் ஆழமற்ற நீருக்கு வருகின்றன. ஒவ்வோர் இழுப்புக்கும் உப்புத்தன்மை, வெப்பநிலை, கரைந்துள்ள ஆக்சிஜன், நீரின் தெளிவு, ஆழம் ஆகிய ஐந்தையும் அளந்து எழுதுங்கள். கலங்கலைக் கண்ணால் பார்த்து ஒன்றுபோல் இருந்தது என்று எழுதுவதைவிட, ஒரு செக்கி வட்டை நீரில் இறக்கி அது மறையும் ஆழத்தைக் குறிப்பது எவ்வளவோ மேல். 1865 இல் இத்தாலியில் அறிமுகமான எளிய கருவி அது. வட்டும் அளவுக்கயிறும் இருந்தால் போதும்.


மறுமொழி (பதிவர்: வலைக்கண்)

மேலே சொல்லப்பட்டதை முழுமையாக ஏற்கிறேன். கருவி பற்றிய கேள்விக்குச் சற்று விரிவாக விடை எழுதுகிறேன், ஏனெனில் பெரும்பாலான கணக்கெடுப்புகள் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான்.

எந்த வலையும் எல்லா மீனையும் பிடிப்பதில்லை. செவுள் வலையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கண்ணுக்குப் பொருந்தும் பருமனுள்ள மீன் மாட்டும். அதைவிடச் சிறியது நுழைந்து போய்விடும். பெரியது தலையை முட்டித் திரும்பிவிடும். எனவே ஒரே கண்ணளவுள்ள செவுள் வலையில் கிடைத்த மீன்களின் நீளங்களை வரைபடமாகப் போட்டால், அந்த வரைபடம் மீன்கூட்டத்தின் வடிவத்தைக் காட்டாமல் வலைக்கண்ணின் வடிவத்தைத்தான் காட்டும். இதைத் தவிர்ப்பதற்காகவே பல கண்ணளவுகளை ஒரே வலையில் வரிசையாக இணைக்கிறார்கள். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் விரிகுடாக்களைக் கண்காணிக்க 1970களின் நடுப்பகுதியிலிருந்து பயன்படும் செவுள் வலை 183 மீட்டர் நீளமுடையது. 76, 102, 127, 152 மில்லிமீட்டர் கண்ணளவுகளில் நான்கு சம பகுதிகள் அதில் உள்ளன. அங்கே விரிகுடாவை அட்சரேகை, தீர்க்கரேகையின் ஒரு நிமிட (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) அளவுக் கட்டங்களாகப் பிரித்து, எந்தக் கட்டத்தில் வலை விடுவது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்கிறார்கள். ஆள் விருப்பப்படி இடம் தேர்ந்தெடுத்தால், நாம் எல்லோரும் நம்மை அறியாமலே மீன் இருக்கும் இடத்துக்கே போய்விடுவோம்.

ஆனால் உங்கள் அனுமதியைப் பார்த்தால் செவுள் வலையை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதில் மாட்டிய மீனின் செவுள் நசுங்கிவிடுகிறது. விடுவித்தாலும் பல பிழைப்பதில்லை. ஆமைகளும் மூழ்கி இரை தேடும் பறவைகளும் அதில் சிக்கி மூச்சுத் திணறி இறந்துபோகலாம். பாதுகாக்கப்பட்ட நீரில் அதைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்றால் அரை மணி அல்லது ஒரு மணி நேரத்துக்கு மேல் நீரில் விடாமல், படகிலேயே அருகில் காத்திருந்து, மிதவை அமிழ்ந்தவுடன் போய்ப் பார்க்க வேண்டும். பெரிய மீன்களைப் பற்றிய கேள்வி உங்களுக்கு உண்மையிலேயே இருந்தால் மட்டும் அந்தத் தொல்லையை ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஈரநிலங்களைக் காப்பதற்கான பன்னாட்டு ராம்சார் உடன்படிக்கை 1971 இல் உருவானது. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களை அடையாளம் காண்பதற்கான அதன் அளவுகோல்களில் எட்டாவது, மீன்களின் உணவுக்கும் முட்டையிடலுக்கும் குஞ்சு வளர்ப்புக்கும் வலசைக்கும் அந்த நிலம் எவ்வளவு முக்கியம் என்று கேட்கிறது. உப்பங்கழியின் பெருமையே குஞ்சுகள்தான். எனவே உங்கள் முதன்மைக் கருவி சிறு மீன்களை நம்பகமாகப் பிடிப்பதாக இருக்க வேண்டும்.

கரைவலையைப் பொறுத்தவரை, அது வளைத்த மீன்கள் அனைத்தும் மடிக்கு வந்து சேர்வதில்லை. மடவை மிதவைக் கயிற்றின் மேல் துள்ளித் தாண்டும். உளுவை, நாக்குமீன் போன்றவை ஈயக்குண்டுக் கயிற்றின் அடியில் சேற்றோடு சேர்ந்து படுத்துவிடும். கடற்புல் அடர்ந்த இடத்தில் குண்டுக்கயிறு தரையைத் தொடாமல் புல்லின் மேலேயே சறுக்கி வரும். ஆகவே வெறும் எண்ணிக்கையை எழுதாமல் பரப்பையும் எழுதுங்கள். 30 மீட்டர் வலை இழுக்கும்போது வளைந்து 20 மீட்டர் அகலமாகி, 25 மீட்டர் தூரம் வந்தால், அது துடைத்த பரப்பு 500 சதுர மீட்டர். அதில் 140 மீன் கிடைத்து, வலையின் பிடிதிறன் (வளைத்த மீன்களில் மடிக்கு வரும் பங்கு) 40 விழுக்காடு என்று நீங்கள் சோதித்து அறிந்திருந்தால், அங்கே இருந்தவை சுமார் 350. சதுர மீட்டருக்கு 0.7. அந்தப் பிடிதிறனை எப்படி அறிவது? இழுக்கும் பகுதியைச் சுற்றி முதலில் ஓர் அடைப்பு வலையை நட்டு, வாலோரம் சிறிது கத்தரித்துக் குறியிட்ட மீன்களை எண்ணி உள்ளே விட்டு, பிறகு கரைவலையை இழுத்து அவற்றில் எத்தனை திரும்ப வந்தன என்று பார்ப்பதே நேரான வழி. மணல் தரையில் ஒரு முறை, சேற்றில் ஒரு முறை, புல்லில் ஒரு முறை என்று தனித்தனியே செய்ய வேண்டும். மூன்றும் வெவ்வேறாக இருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

புல்லுக்குள் கரைவலையைவிட நல்ல கருவி ஒன்று உண்டு. மேலும் கீழும் திறந்த, ஒரு சதுர மீட்டர் பரப்புள்ள பெட்டிச்சட்டத்தைத் தூக்கி எறிந்து தரையில் அழுத்திவிட்டு, உள்ளே அகப்பட்டதையெல்லாம் கைவலையால் அள்ளுவார்கள். தொடர்ந்து ஐந்து முறை அள்ளியும் ஒன்றும் வராதபோதுதான் நிறுத்துவார்கள். ஆழமற்ற கழிமுகங்களில் சிறு மீன்களின் அடர்த்தியை அளக்கும் கருவிகளை ஆராய்ந்து ரோசாஸ், மினெல்லோ ஆகிய இருவரும் 1997 இல் வெளியிட்ட கட்டுரை, இழுக்கும் வலைகளின் பிடிதிறன் தாழ்வாகவும் இடத்துக்கு இடம் மாறுவதாகவும் இருக்கிறது என்று சுட்டி, இவ்வாறு அடைத்துப் பிடிக்கும் கருவிகளையே பரிந்துரைத்தது. ஒரு சதுர மீட்டர் மிகச் சிறிது என்பதால் பல இடங்களில் எறிய வேண்டியிருக்கும், முதுகு வலிக்கும். ஆயினும் அடர்த்தி என்ற சொல்லை மனச்சான்றோடு பயன்படுத்த அதுவே துணை.

இறுதியாக ஒன்று. வலையில் ஒன்றுமே வராத இழுப்பையும் எழுதுங்கள். வெறும் வலையைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்ட ஒரு குழுவின் பதிவேடுகளை நான் பின்னர் சரிபார்க்க நேர்ந்தது. நான்கு ஆண்டு உழைப்பு அது. சராசரியைக் கணக்கிட வழியே இல்லாமல் போயிற்று.


கேள்வியாளரின் தொடர்ச்சி (பதிவர்: கழிமுகம்)

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஓத அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். முதல் நாள் உச்ச ஏற்றம் அதிகாலை ஐந்து மணியளவில், ஒன்பதாம் நாள் நண்பகலுக்குப் பின். நீங்கள் சொன்னபடியே இருக்கிறது.

எனக்கு இன்னொரு நெருக்கடி உண்டு. அறிக்கையைப் படிக்கப்போகிறவர்கள் "மொத்தம் எத்தனை மீன்" என்ற ஒற்றை எண்ணைக் கேட்கிறார்கள். குறியிட்டு விட்டு மீண்டும் பிடிக்கும் முறையில் அதைப் பெற முடியுமா?


மறுமொழி (பதிவர்: வாற்குறி)

முறை பழையது, கணக்கும் எளியது. 1890களில் டென்மார்க்கின் பீட்டர்சன் லிம்ஃபியோர்ட் கடற்கழியில் தட்டைமீன்களுக்குக் குறியிட்டு ஆராய்ந்ததிலிருந்து இது தொடங்குகிறது. இன்று நாம் பயன்படுத்துவது 1951 இல் சாப்மன் திருத்திய வாய்பாடு. 200 மீன்களுக்குக் குறியிட்டு விடுகிறீர்கள். சில நாள் கழித்து 150 மீன்களைப் பிடிக்கிறீர்கள். அவற்றில் 12 குறியுள்ளவை என்று வைத்துக்கொள்வோம். 201 ஐ 151 ஆல் பெருக்கி, 13 ஆல் வகுத்து, ஒன்றைக் கழித்தால் 2,334 வருகிறது. இது வரை மகிழ்ச்சிதான். ஆனால் அதே வாய்பாட்டின் பிழை அளவைக் கணக்கிட்டால், 95 விழுக்காடு நம்பிக்கை எல்லை சுமார் 1,200 முதல் 3,460 வரை விரிகிறது. மேலும், இரண்டு மீன்களின் குறி உதிர்ந்துபோய் அவற்றைக் குறியில்லாதவை என்று நீங்கள் எண்ணிவிட்டால், 12 என்பது 10 ஆகி, மதிப்பீடு 2,758 ஆக உயர்ந்துவிடும். இரண்டே இரண்டு குறிகள் உதிர்ந்ததால் நானூற்றுக்கும் மேற்பட்ட மீன்கள் தாளில் பிறந்துவிடுகின்றன.

அதைவிடப் பெரிய இடர் ஒன்று இருக்கிறது. குறியிட்ட நாளுக்கும் மீண்டும் பிடித்த நாளுக்கும் இடையில் எந்த மீனும் உள்ளே வரவில்லை, வெளியே போகவில்லை, பிறக்கவில்லை, இறக்கவில்லை என்ற அனுமானத்தின் மேல்தான் இந்த வாய்பாடு நிற்கிறது. விரிகுடாவோ நாளுக்கு இருமுறை திறந்து மூடும் கதவு. எனவே விரிகுடா முழுவதற்கும் இப்படி ஒற்றை எண் தருவதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். ஜாலி, செபர் ஆகிய இருவரும் 1965 இல் தனித்தனியே வகுத்த முறை வரவையும் போக்கையும் கணக்கில் கொள்கிறது. ஆனால் அதற்குப் பல சுற்று மீள்பிடிப்பும் ஒவ்வொரு மீனுக்கும் தனி அடையாளமும் வேண்டும். 12 மில்லிமீட்டர் நீளமுள்ள உள்வைப்புச் சில்லுகளைக் கொடுவாய் போன்ற பெரிய மீன்களின் உடற்குழிக்குள் செலுத்தலாம். விரல் நீள மடவைக் குஞ்சுக்கு அது ஆகாது.

உங்களுக்கு ஏற்றது கால்வாயை மூடிக் கணக்கிடுவதே. உச்ச ஏற்றத்தில் கால்வாயின் மேல்முனையையும் கீழ்முனையையும் அடைப்பு வலையால் மூடுங்கள். ஒரே மாதிரியான முயற்சியுடன் இருமுறை கரைவலையை இழுத்து, பிடித்ததைத் தொட்டியில் வைத்துவிடுங்கள். முதல் இழுப்பில் 60, இரண்டாம் இழுப்பில் 20 என்றால், 60 இன் வர்க்கத்தை இரண்டின் வேறுபாடான 40 ஆல் வகுக்க, 90 மீன் என்ற மதிப்பீடு கிடைக்கும். மூன்றாம் இழுப்பும் இருந்தால், இழுப்புக்கு இழுப்பு பிடிதிறன் மாறுகிறதா என்பதும் தெரியும். முதல் இழுப்பில் மிரண்டு வேருக்குள் ஒளிந்தவை அடுத்ததில் வராமல் போவதுண்டு. இப்படிப் பத்துக் கால்வாய்களில் பெற்ற எண், விரிகுடா முழுமைக்கும் ஊகித்த எண்ணைவிட நூறு மடங்கு பயனுடையது. ஒற்றை எண் கேட்பவர்களிடம் அடர்த்தியையும் அதன் எல்லைகளையும் கொடுங்கள். அவர்கள் முதலில் முகம் சுளிப்பார்கள், பிறகு பழகிக்கொள்வார்கள்.


மறுமொழி (பதிவர்: துளிநீர்)

சூழல் டி.என்.ஏ. பற்றிச் சுருக்கமாக எழுதுகிறேன். மீன்கள் உதிர்க்கும் செல்களும் கோழையும் கழிவும் நீரில் கலந்திருப்பதால், வடிகட்டிய நீரிலிருந்து அந்த இடத்து மீனினங்களின் பட்டியலைப் பெறலாம். டென்மார்க்கின் கடல்நீரை வைத்து 2012 இல் வெளியான ஆய்வில், அரை லிட்டர் மாதிரிகளிலிருந்தே 15 மீனினங்கள் கண்டறியப்பட்டன. வழக்கமான முறைகளில் அரிதாகவே கிடைக்கும் இனங்களும் அவற்றில் இருந்தன. 2015 இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் உருவாக்கிய மைஃபிஷ் என்னும் தொடக்கிகள் (நீரிலுள்ள மீன் டி.என்.ஏ.வை மட்டும் தேர்ந்து பெருக்க உதவும் சிறு டி.என்.ஏ. துண்டுகள்) இன்று உலகெங்கும் பயன்படுகின்றன.

ஒரு மீனையும் தொடாமல் இத்தனை தெரிந்துகொள்வது பாதுகாக்கப்பட்ட இடத்துக்குப் பெரும் வரம் என்பதை நான் மனதார நம்புகிறேன். ஆனால் அது வலைக்கு மாற்று என்று சொல்வதை ஏற்க முடியாது. அது இனத்தைச் சொல்லும்; நீளத்தையும் வயதையும் சொல்லாது; எண்ணிக்கையை ஒரு மங்கலான குறிப்பாக மட்டுமே தரும். குஞ்சா, தாய்மீனா என்பது உங்கள் கேள்வியின் உயிர்நாடி. அதற்கு நீர்த்துளியில் விடையில்லை. கடல்நீரில் டி.என்.ஏ. சில மணி நேரம் முதல் சில நாள் வரை நிலைத்திருப்பதால், வற்றத்தில் எடுத்த நீர் கழிக்குள்ளிருந்தும் ஏற்றத்தில் எடுத்த நீர் திறந்த கடலிலிருந்தும் செய்தி கொண்டுவரும். மீன் கழுவிய நீர் கலக்கும் இடமோ, மீன் தின்னும் பறவைகள் கூடு கட்டிய மரத்தடியோ அருகில் இருந்தால், அங்கே வாழாத இனமும் பட்டியலில் வந்து நிற்கும்.

எடுப்பதானால், ஒவ்வொரு நாளும் தூய நீரை அதே வடிகட்டியில் அதே கைகளால் வடிகட்டி, ஒரு வெற்று மாதிரியும் சேர்த்து அனுப்புங்கள். வெற்று மாதிரியில் மடவையின் டி.என்.ஏ. தெரிந்தால், அந்த நாளின் மற்ற மாதிரிகளை ஐயத்துடன்தான் பார்க்க வேண்டும். வலை இழுத்த கையுறையுடன் நீர்க்குப்பியைத் தொடாதீர்கள். காலையில் முதலில் நீர், பிறகு வலை என்ற வரிசையை மாற்றவே வேண்டாம்.

உங்கள் கடற்புல் படுகைப் பக்கம் நீர் தெளிவாக இருந்தால், இரை கட்டிய நீரடிக் காமிராவையும் எண்ணிப் பாருங்கள். ஒரே சட்டகத்தில் ஒரே நேரத்தில் தெரிந்த ஓர் இனத்தின் மிகுதியான எண்ணிக்கையை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். ஒரே மீன் திரும்பத் திரும்ப வந்து எண்ணிக்கையை ஏற்றிவிடாமல் இருக்க அதுவே காப்பு. கலங்கிய கால்வாயில் அதனால் பயனில்லை.


மறுமொழி (பதிவர்: தோணித்துறை)

இதுவரை எழுதியவர்கள் எண்ணும் முறையைச் சொன்னார்கள். எதனோடு ஒப்பிடுவது என்பதை நான் கேட்க விரும்புகிறேன். பாதுகாப்பு அறிவிக்கப்பட்ட பிறகு மீன் கூடியதா என்று அறிய, அறிவிப்புக்கு முந்தைய கணக்கு வேண்டும். அதோடு, பாதுகாக்கப்படாத, ஆனால் உப்புத்தன்மையிலும் ஆழத்திலும் தரையிலும் ஒத்த ஓரிரு கழிகளில் அதே நாள்களில் அதே வலையை இழுத்த கணக்கும் வேண்டும். இல்லாவிட்டால், நல்ல மழை பெய்து எங்கும் குஞ்சு பெருகிய ஆண்டின் வளத்தைப் பாதுகாப்பின் பலன் என்று எழுதிவிடுவீர்கள். வறண்ட ஆண்டின் வீழ்ச்சியைப் பாதுகாப்பின் தோல்வி என்று பிறர் எழுதிவிடுவார்கள். முந்தைய கணக்கு உங்களிடம் இல்லையென்றால், ஒப்பீட்டு இடங்களின் தேவை இன்னும் கூடுகிறது. மூன்று ஆண்டு என்பது குறுகிய காலம் என்பதையும் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

அருகில் மீன்பிடிப்பவர்களின் அறிவைக் கட்டாயம் கேளுங்கள். எந்த மடுவில் எந்த மாதம் சினைமீன் கூடும் என்பதை அவர்கள் தலைமுறைகளாக அறிந்திருக்கிறார்கள். நான் கணக்கெடுப்பில் இறங்கிய முதல் ஆண்டில், வலை இழுக்கும் இடங்களை எனக்குத் திருத்திக் கொடுத்தவர் வலை பின்னும் ஒரு முதியவர்தான். ஆனால் அவர்கள் ஒரு நாளில் பிடித்த அளவை மட்டும் வைத்து மீன்வளத்தை மதிப்பிடாதீர்கள். மீன் குறையும்போது எஞ்சியவை சில இடங்களில் திரளும்; திறமையானவர் அந்த இடத்துக்கே நேராகப் போவார்; அவருடைய பிடி குறையாது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கரையில் காட் மீனுக்கு இதுதான் நடந்தது. ஆழ்கடல் கப்பல்களின் பிடி நன்றாகவே இருந்ததால், வளமும் நன்றாக இருக்கிறது என்று 1980களில் மதிப்பிட்டுவந்தார்கள். 1992 ஜூலையில் மீன்பிடிப்பையே நிறுத்த வேண்டிவந்தது. குலுக்கலில் இடம் தேர்ந்தெடுக்கச் சொன்ன நண்பரின் அறிவுரையின் அருமை இங்கேதான் புரியும்.

இன்னொன்று. ஓர் இனம் உங்கள் வலையில் வரவில்லை என்பதால் அது அங்கே இல்லை என்று எழுதிவிடாதீர்கள். அந்த இனம் இருக்கும்போது ஒரு முறை இழுத்தால் அகப்படும் வாய்ப்பு 0.4 என்று கொண்டால், மூன்று முறை சென்றாலும் அகப்படும் வாய்ப்பு 0.78 தான், ஆறு முறை சென்றால் 0.95. அரிய இனங்களுக்காக எத்தனை முறை செல்வது என்பதை இந்தக் கணக்கை வைத்து இப்போதே முடிவு செய்யுங்கள்.


கேள்வியாளரின் தொடர்ச்சி (பதிவர்: கழிமுகம்)

நேற்று குழுவுடன் அமர்ந்து திட்டத்தைத் திருத்தினோம். பத்துக் கால்வாய்களைக் குலுக்கலில் எடுத்து, உச்ச ஏற்றத்தில் அடைத்து, மூன்று இழுப்பு இழுப்பது, கடற்புல்லில் பெட்டிச்சட்டம், அதே நாள் காலையில் நீர் மாதிரி, பாதுகாக்கப்படாத இரண்டு கழிகளில் இவை அனைத்தும் அப்படியே. செவுள் வலையைக் கைவிட்டோம். பழைய 412 ஐயும் 37 ஐயும் வெள்ளோட்டம் என்று குறித்து, ஒப்பீட்டிலிருந்து நீக்கிவிட்டோம்.

கடைசியாக ஒரு கேள்வி. வெள்ளோட்டத்தின் முதல் நாளில், அளந்துகொண்டிருக்கும்போதே வாளியில் நாற்பதுக்கு மேற்பட்ட குஞ்சுகள் இறந்துபோயின. அதைப் பார்த்த பிறகு எங்களில் ஒருவர் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. மூன்று இழுப்பு முடியும்வரை மீனைத் தொட்டியில் வைத்திருக்க வேண்டுமென்றால், இதை எப்படித் தவிர்ப்பது?


மறுமொழி (பதிவர்: வலைக்கண்)

வாளியை விட்டுவிடுங்கள். கால்வாயின் நிழலான ஓரத்தில், நீர் ஓடும் இடத்தில், சிறு கண்ணுள்ள வலைக்கூண்டு ஒன்றைக் கட்டி அதில் மீனை வையுங்கள். நீர் தானே மாறிக்கொண்டிருக்கும். அளக்கும் இடத்துக்கு ஒரு முறைக்கு இருபது மீனுக்கு மேல் கொண்டுவர வேண்டாம். அந்தத் தொட்டியில் மின்கலக் காற்றூட்டி ஓடிக்கொண்டிருக்க வேண்டும்; நீர் சூடேறச் சூடேற அதில் கரையும் ஆக்சிஜன் குறைகிறது, மீனின் தேவையோ கூடுகிறது. ஆகவே பத்து நிமிடத்துக்கு ஒரு முறை நீரை மாற்றுங்கள். கொடுவாயையும் கெளிற்றையும் குஞ்சுகளோடு ஒரே தொட்டியில் போடாதீர்கள்.

மடியை மணலுக்கு இழுத்துவிடாமல், அரை முழ நீரில் நிறுத்தி, அங்கேயே கைவலையால் அள்ளுங்கள். பெரும்பாலான குஞ்சுகள் சாவது மணலில் புரண்டு கோழையும் செதிலும் போவதால்தான். அளவுப்பலகையையும் கைகளையும் நனைத்துக்கொள்ளுங்கள். வாற்பிளவு வரையா, வால்நுனி வரையா என்று எந்த நீளத்தை அளக்கிறீர்கள் என்பதைப் பதிவேட்டின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள். ஓர் இனத்தில் முதல் முப்பது மீன்களின் நீளத்தை மட்டும், பார்த்துப் பொறுக்காமல் கைக்கு வந்த வரிசையில் அளந்து, மீதியை எண்ணி விட்டுவிடலாம். மடவைக் குஞ்சுகளில் இனம் பிரிப்பது களத்தில் கடினம். அனுமதி இருந்தால் சிலவற்றை மட்டும் எரிசாராயத்தில் இட்டு எடுத்துவந்து உருப்பெருக்கியில் பாருங்கள், மற்றவற்றை மடவைக் குடும்பம் என்றே எழுதுங்கள்.

இறந்தவற்றையும் இனவாரியாக எண்ணி, தனிக் கட்டத்தில் எழுதி வாருங்கள். எந்தக் கால்வாயில், எந்த வெப்பநிலையில், எத்தனையாவது இழுப்பில் சாவு கூடுகிறது என்பது இரண்டு மாதத்தில் உங்களுக்கே தெரிந்துவிடும். அந்த நிலை வரும் நாள்களில் மூன்றாம் இழுப்பை விட்டுவிட்டு, விட்ட காரணத்தையும் அதே வரியில் குறித்துவிடுங்கள்.